இயக்குநரின் கர்சருக்குக் கீழே

வந்திருந்தவர்கள்: இயக்குநர், துணை இயக்குநர், பிரிவுத் தலைவர்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் ஒரே பிரிவுக்கு, கண்காணிப்பாளர், இயக்குநர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிற அம்மாள், குமாஸ்தாக்கள் பன்னிரண்டு பேர், நடைபாதை என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆளான பொறியாளர் (அவர் தூக்கத்தில்), கடைசியாகக் கோந்து. இவர்கள் போக, வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர். வராதவர்கள் யாருமில்லை. வராவிட்டால் என்ன ஆகும் என்பதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார்கள்.

நடைபாதைப் பராமரிப்பு வாரியத்தின் பயிற்சிக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஏசி ஒழுகும். கீழே ஒரு நீல வாளி வைத்திருந்தார்கள். வாளி நிறைந்தால் கொண்டுபோய்க் கொட்டுவது கோந்துவின் வேலை என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்கவில்லை. வேறு யாரும் அதைச் செய்ததுமில்லை.

கோந்து தபால் பிரிவு. உறையை ஒட்டுவது, முகவரி எழுதுவது, பதிவேட்டில் எண் போடுவது. இருபது வருஷம் இதைச் செய்ததில் ஆளுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்க்கும்போது, யாரோ தெரிந்தவர் பெயர் போல இருக்கும் அவனுக்கு. அந்த இருபதில் பத்தொன்பது வருஷம் தற்காலிகம். போன வருஷம்தான் நிரந்தரம் ஆக்கினார்கள். ஒரு வருஷம் சோதனைக் காலம். அது முடிய இன்னும் பதினோரு நாள் பாக்கி. சோதனைக் காலத்தில் அனுமதி இல்லாமல் ஒரே ஒரு நாள் வராமல் போனாலும் மறுபடி தற்காலிகம், மறுபடி முதலிலிருந்து.

பயிற்சியாளர் முப்பது வயதுப் பெண். ஒரே மாதத்தில் பதினான்கு அலுவலகங்களில் இதையே சொல்லிச் சொல்லிக் குரலில் ஏற்ற இறக்கம் தேய்ந்துபோயிருந்தது. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டினாள்.

"இதுக்குப் பேர் பொதுத் தாள். இனிமே ஆளுக்கொரு ஃபைல் கிடையாது. எல்லாரும் ஒரே தாள்ல, ஒரே நேரத்துல எழுதலாம். நீங்க எங்க இருக்கீங்களோ அங்க உங்க கர்சர் சிமிட்டும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர், பக்கத்துல பேர். எங்க, ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க பார்க்கலாம். எது வேணா எழுதுங்க."

இருபத்து மூன்று கர்சர்கள் திரையில் வந்து குவிந்து நின்றன. பச்சை, ஊதா, மஞ்சள். எல்லாம் சிமிட்டின. ஒன்றும் எழுதவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. மூன்று நிமிஷம் போயிற்று. வாளியில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்டது.

"நெட் போயிடுச்சா?" என்றாள் பயிற்சியாளர்.

கண்காணிப்பாளர் எழுந்துபோய், நோயாளிக்குத் தெரியாமல் டாக்டரிடம் பேசுகிற மாதிரி காதருகே குனிந்தார். "நெட்டெல்லாம் இருக்கும்மா. இயக்குநர் இன்னும் எழுதலை."

"அவர்தான் முதல்ல எழுதணும்னு இல்லையே சார். யார் வேணா எழுதலாம்."

"எழுதலாம்மா. யார் வேணா எழுதலாம். ஆனா யார் எழுதுவா?"

சிக்கல் அதோடு நிற்கவில்லை. இயக்குநர் தட்டச்சு செய்கிறவர் இல்லை. அவர் சொல்வார், அம்மாள் அடிப்பார். அம்மாள் தன் மேஜையிலிருந்து அடித்தால் இயக்குநரின் கருத்து அம்மாளின் பெயரில், ஆரஞ்சு நிறத்தில் வரும். இயக்குநரின் லாப்டாப்பில் அடித்தால், அடிக்கிற நேரத்துக்கு அம்மாள் இயக்குநரின் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். நின்றுகொண்டே அடிக்கலாமா என்று ஒரு பிரிவுத் தலைவர் கேட்டார். அம்மாளுக்கு முழங்கால் வலி. பத்தொன்பது நிமிஷம் ஆலோசித்தார்கள். அதற்குள் வாளி நிறைந்துவிட்டது. கோந்து அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அவன் இல்லாத நேரத்தில்தான் இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! இந்தத் தாள்ல மேல, கீழன்னு எதுவும் கிடையாது. இங்க எல்லாரும் சமம். நானே சொல்றேன், அதனால சமம். நாளைக்குக் காலைல நான் முதல் வரி எழுதி இதைத் தொடங்கி வைப்பேன். அதுக்கப்புறம் எல்லாரும் சுதந்திரமா, பயமே இல்லாம, என் வரிக்குக் கீழ எழுதலாம்."

கைதட்டல் வராந்தா வரை கேட்டது. கழிவறையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த கோந்து, ஏதோ முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு வியாழக்கிழமை ஒரு நாள் விடுப்பு வேண்டும். அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. எட்டு மாதம் வரிசையில் இருந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தேதி கிடைத்திருந்தது. ரத்த சொந்தம் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே எடுப்பார்கள். ஆள் வராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்தப் பெயர் ஐந்து மாதம் பின்னால் போகும். அக்காவுக்கு அவனை விட்டால் வேறு ரத்த சொந்தம் இல்லை. முதல் ஸ்கேனில் எலுமிச்சை அளவு என்றார்கள். போன மாதம் ஆரஞ்சு அளவு என்றார்கள். அடுத்த பழம் என்னவென்று கேட்க அக்காவும் விரும்பவில்லை, அவனும் விரும்பவில்லை.

முன்பெல்லாம் விடுப்பு என்பது அரைத் தாள் சமாச்சாரம். எழுதிக் கொடுத்தால் கண்காணிப்பாளர் மூலையில் ஒரு கிறுக்கல் போடுவார். அன்று மதியம் அவன் போய் நின்றபோது, அவர் வெள்ளைத் தாள் கட்டுகளை எல்லாம் பீரோவில் அடுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"காகிதம் இன்னியோட ஒழிஞ்சுது கோந்து. எதுவா இருந்தாலும் பொதுத் தாள்ல போடு. அங்கேயே டிக் அடிச்சிடறேன்."

"அக்கா ஆபரேஷன் சார். வியாழக்கிழமை."

"அட, போடுப்பா. ஒரு வரிதானே."

கோந்து தன் மேஜைக்கு வந்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தான். 'வியாழக்கிழமை ஒரு நாள் விடுப்பு வேண்டும். அக்காவுக்கு ஆபரேஷன்.' தாள் வெறுமையாக இருந்ததால் எங்கே எழுதுவது என்கிற குழப்பம் வரவில்லை. மேலேயே எழுதினான்.

செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர் பேச வேண்டிய வாசகத்தோடு, அம்மாள் முழங்கால் பட்டியோடு, பிரிவுத் தலைவர்கள் புதுச் சட்டையோடு வந்து பொதுத் தாளைத் திறந்தார்கள். வாரியத்தின் வரலாற்றில் முதல் பொதுத் தாளின் முதல் வரியில், பச்சை நிறத்தில், ஒரு தபால் குமாஸ்தாவின் அக்காவுக்கு ஆபரேஷன் என்று இருந்தது.

"யார் இது, கோந்து?" என்றார் இயக்குநர். "பேரே அப்படியா?"

கண்காணிப்பாளருக்கு வியர்த்தது. பெயர்களைப் பதிவு செய்தவர் அவர்தான். எவ்வளவு யோசித்தும் சொந்தப் பெயர் ஞாபகம் வராததால் கோந்து என்றே போட்டிருந்தார்.

அழித்துவிடலாம் என்றார் ஒரு பிரிவுத் தலைவர். இதில் எதை அழித்தாலும் அழித்தவர் பெயரோடு பதிவாகும் என்றாள் பயிற்சியாளர். அழிக்க யாரும் முன்வரவில்லை. ஆகவே மதியத்துக்குள் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் தலைப்பு 'கர்சர் ஒழுங்கு'. பொதுத் தாளில் அனைவரும் சமம் என்று தொடங்கி, ஆகையால் எந்த ஊழியரின் கர்சரும் தன் மேலதிகாரியின் கர்சருக்கு மேலே நிற்கக்கூடாது, மேலதிகாரி கீழே இறங்கினால் ஊழியர் உடனே அதற்கும் கீழே இறங்கிவிட வேண்டும், தன் வரியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்று அது விளக்கியது. காகிதம் ஒழிந்துவிட்டதால் அதை அச்சடித்து ஒட்ட முடியவில்லை. கண்காணிப்பாளர் மேஜை மேஜையாகப் போய் வாசித்தார்.

கோந்து தன் வரியைக் கீழே கொண்டுபோனான். முதலில் இருபத்து மூன்றாவது வரிக்கு. மேலே இருபத்திரண்டு பேருக்கும் இடம் விட்டாயிற்று. இனி டிக் விழும் என்று காத்திருந்தான்.

டிக் விழவில்லை, கட்டை விரல் விழுந்தது. வரியின் ஓரத்தில் குட்டியாக, மஞ்சளாக, நிமிர்ந்த ஒரு கட்டை விரல். துணை இயக்குநர் அம்மையார் போட்டது. அவருக்கு இந்தக் கட்டை விரல் மிகவும் பிடித்துப்போயிருந்தது. அவர் போட்டதும் பிரிவுத் தலைவர்கள் போட்டார்கள். பிறகு குமாஸ்தாக்கள் ஐந்து பேர் போட்டார்கள். 'அக்காவுக்கு ஆபரேஷன்' என்பதைப் பதினோரு பேர் விரும்பியிருந்தார்கள்.

"சார், அப்ப விடுப்பு கிடைச்சிடுச்சா?"

"கட்டை விரல்னா விடுப்பு இல்ல கோந்து," என்றார் கண்காணிப்பாளர். "அது ஒரு ஆதரவு. மனசளவுல."

அதற்குள் வரியில் வேறு வேலையும் நடந்திருந்தது. 'ஆபரேஷன்' பேச்சுவழக்கு என்று ஒருவர் 'அறுவை சிகிச்சை' ஆக்கினார். 'வேண்டும்' என்பது அதிகாரத் தொனி என்று இன்னொருவர் 'வேண்டியிருக்கக்கூடும்' ஆக்கினார். துணை இயக்குநர் அம்மையார், குடும்ப உறவுகளை அலுவல் தாளில் எழுதுவது சரியல்ல என்று, 'அக்கா'வை எடுத்துவிட்டுப் 'பங்குதாரர்' என்று போட்டார். ஐந்து மணிக்கு அந்த வரி இப்படி இருந்தது: 'வியாழக்கிழமை ஒரு நாள் விடுப்பு வேண்டியிருக்கக்கூடும். பங்குதாரருக்கு அறுவை சிகிச்சை.' பதினோரு கட்டை விரல்கள் அப்படியே இருந்தன.

வீட்டில் அக்கா பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே அறை, தையல் மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருவர் நடக்கலாம், இருவர் என்றால் ஒருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். கோந்து ஏறிக்கொண்டான்.

"கொடுத்துட்டாங்களா?"

"பதினோரு பேருக்குப் பிடிச்சிருக்கு."

"என்னது பிடிச்சிருக்கு?"

"உன் கட்டி."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவங்களுக்குப் பிடிச்சிருந்தா அவங்களே வச்சுக்கட்டும்டா."

"ஒருவேளை வியாழக்கிழமை ஒத்திப்போட்டா..."

"எதை, கட்டியையா?" அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். "நீ வரலைன்னா பரவால்ல. யாராவது ஒரு ஆளைப் பிடிச்சு, இவன்தான் என் தம்பின்னு சொல்லிக்கிறேன். அங்க வார்டு வாசல்ல எத்தனையோ பேர் சும்மாதானே உக்காந்திருக்காங்க."

கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த பட்டனை வெகுநேரம் தைக்காமலே இருந்தாள்.

புதன்கிழமை காலை நிலைமை முற்றியது. இயக்குநர் தொடக்க வாசகத்தை இன்னும் தொடங்கவில்லை. அம்மாள் எங்கே உட்காருவது என்பது முடிவாகவில்லை. ஆனால் இயக்குநரே ஆர்வத்தில் லாப்டாப்பைத் திறந்து, விரலை எங்கோ வைத்து, தாளின் கடைசியில் போய் ஒரு க்ளிக் செய்துவிட்டார். அவருடைய சிவப்புக் கர்சர் கோந்துவின் வரிக்குக் கீழே வந்து சிமிட்டியது.

அலுவலகம் முழுக்க நாற்காலிகள் நிமிர்ந்தன. இருபத்திரண்டு பேரும் என்டரைத் தட்டினார்கள். வெற்று வரிகள் உண்டாக்கி, அதில் இறங்கி, அவருக்குக் கீழே போய் நின்றார்கள். தன் கண்ணெதிரே எல்லாரும் காணாமல் போனதைப் பார்த்த இயக்குநர், எங்கே போனார்கள் என்று பார்க்கக் கீழே வந்தார். வந்து ஒரு க்ளிக் செய்தார். எல்லாரும் இன்னும் கீழே இறங்கினார்கள். அவரும் இறங்கினார். பெரிய மனிதர் முன்னால் முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து அறையை விட்டு வெளியேறுகிற மாதிரி, வாரியம் முழுவதும் தாளின் அடியை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே இருந்தது. பொறியாளர் மட்டும் தூக்கத்தில் முப்பதாவது பக்கத்தில் தங்கிவிட்டார். ஒருவர் போய் உலுக்கி எழுப்பினார். எல்லாருக்கும் கீழே, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், தன் பங்குதாரரை இழுத்துக்கொண்டு கோந்து இறங்கிக்கொண்டிருந்தான். இறங்கும்போது கை தவறி ஒரு தடவை அவன் வரியே அழிந்துபோயிற்று. மறுபடி அடித்தான். பதினோரு கட்டை விரல்களும் போய்விட்டன.

மதியத்துக்குள் தாள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆனது.

அவசரக் கூட்டம் போட்டு இயக்குநர் பேசினார். குரல் தழுதழுத்தது.

"இருநூத்துப் பன்னிரண்டு பக்கம்! மூணே நாள்ல! முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு உற்சாகத்தை நான் பார்த்ததில்ல. நான் எங்க போனாலும் அங்க நீங்க எனக்கு முன்னாடியே வேலை செஞ்சுக்கிட்டு இருக்கீங்க. இதை இன்னிக்கே மேலிடத்துக்கு அனுப்புறேன்."

பொறியாளர் கண்ணைக் கசக்கினார். "எல்லாம் வெத்துப் பக்கம் சார்."

"வெத்துன்னு சொல்லாதீங்க. அது இடம். நாம ஒத்துழைக்கிறதுக்கான இடம். நீங்க நடைபாதைக்காரர், உங்களுக்கு இடத்தோட அருமை தெரியணும்."

"நடைபாதையில குழி இருக்கு சார். மூணு வருஷமா."

"அதையும் தாள்ல போடுங்க," என்றார் இயக்குநர். "என் கர்சருக்குக் கீழ."

கூட்டம் முடிந்ததும் கோந்து கண்காணிப்பாளரைப் பிடித்தான். மணி மூன்றாகியிருந்தது.

"சார், நாளைக்குங்க. ஒரே ஒரு டிக்."

கண்காணிப்பாளர் தலையைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக அவனுக்குக் கிறுக்கல் போட்டவர். "டிக் அடிக்கணும்னா உன் வரிக்கு நான் வரணும். வந்தா உன் கர்சரும் என் கர்சரும் ஒரே வரியில நிக்கும். மேல நிக்கலாமா, கீழ நிக்கலாமான்னு போட்டிருக்காங்களே தவிர, பக்கத்துல நிக்கலாமான்னு போடலையேப்பா."

"கேட்டுச் சொல்லுங்களேன் சார்."

"கேட்கணும்னா தாள்லதான் கேட்கணும். நான் எழுதி, அவர் படிக்கக் கீழ வந்து, நாம எல்லாரும் இன்னும் கீழ போயி..." இருவரும் சிறிது நேரம் பீரோவின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோந்து நேரே இயக்குநர் அறைக்குப் போனான். இருபது வருஷத்தில் முதல் தடவை, கையில் உறை இல்லாமல். கதவு திறந்துதான் இருந்தது.

"உள்ள வாங்க, வாங்க. என் கதவு எப்பவும் திறந்தே இருக்கும், அது என் கொள்கை. ஆனா பாருங்க, நீங்க கதவு வழியா வந்துட்டீங்க. அதுதான் சிக்கல். தாள் வழியா வந்திருக்கணும்."

"தாள்லயும் இருக்கேன் சார். கடைசி வரி. அக்காவுக்கு நாளைக்கு ஆபரேஷன். நான் போகலைன்னா எடுக்க மாட்டாங்க."

"உங்களை யாராவது போகக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"பார்த்தீங்களா! இதுதான் புது முறையோட அழகு. பழைய காலத்துல ஒரு ஆள் முடியாதுன்னு சொல்லிடுவான். இப்ப யாராலயும் முடியாதுன்னு சொல்ல முடியாது."

"முடியும்னும் யாரும் சொல்லலையே சார்."

"அது எப்படிங்க ஒருத்தரே சொல்றது? அது சர்வாதிகாரம் ஆயிடும். எல்லாரும் சேர்ந்து சொல்லணும்." அவர் முகம் பிரகாசமாயிற்று. "நாமளே ஒரு கூட்டம் போடுவோம். உங்க ஒரு விஷயத்துக்காகவே. நாளைக்குக் காலைல எட்டு மணி. மனு கொடுத்தவர் கண்டிப்பா இருக்கணும். இல்லைன்னா அனுமதியில்லாத விடுப்புன்னு ஆயிடும், உங்களுக்குத் தெரியும்."

"சார், எட்டு மணிக்குத்தான் ஆபரேஷன்."

"இன்னும் நல்லது. விஷயம் சூடா இருக்கும்."

கோந்து வெளியே வந்து டீ மிஷின் பக்கத்தில் நின்றான். டீ குடிக்கவில்லை. மிஷின் மேலே கையை ஊன்றிக்கொண்டு நின்றான். பயிற்சியாளர் காகிதக் கோப்பையோடு அங்கே வந்தாள். அவனைப் பார்த்து, கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன அண்ணா, உங்க பங்குதாரர் விஷயமா?"

"அக்கா."

"சாரி. அக்கா." அவள் பெருமூச்சு விட்டாள். "நாளைக்கு மீட்டிங்குக்கு லிங்க் அனுப்புவாங்க. உங்க போனுக்கே வரும். அதை அமுக்கினா எங்க இருந்து வேணாலும் சேரலாம். ஆஸ்பத்திரியில இருந்தே சேரலாம். வந்தவங்க லிஸ்ட்டுல உங்க பேரு விழுந்துடும்."

கோந்து அவளையே பார்த்தான். "ஆபீசுக்கு வர வேணாமா?"

"வேணாம். இதோட நோக்கமே அதுதான்."

"இதை ஏம்மா பயிற்சியில சொல்லலை?"

"அது நாலாவது நாள் பாடம் அண்ணா," என்றாள் அவள். "நான் போன எந்த ஆபீசும் நாலாவது நாள் வரைக்கும் போனதில்ல." பிறகு அவன் போனை வாங்கி, எதை அமுக்க வேண்டும், எதை மட்டும் அமுக்கவே கூடாது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். அவள் குரலில் ஏற்ற இறக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. நீளமான வராந்தா, ஓரத்தில் இரும்பு பெஞ்சு, கோடியில் இரட்டைக் கதவு. அக்காவுக்குத் தலையில் பச்சைத் துணி கட்டி, தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்துச் செயினையும் கம்மலையும் கழற்றி அவன் சட்டைப் பைக்குள் போட்டிருந்தாள். அவை இல்லாமல் அவள் முகம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. எட்டு மணிக்குப் போன் நடுங்கியது. அவன் அமுக்கினான். திரையில் கட்டம் கட்டமாக வாரியம் தெரிந்தது.

இயக்குநர் பதவி வரிசைப்படி வருகை எடுத்தார். ஒவ்வொருவரும் 'இருக்கிறேன்' என்பதோடு பொதுத் தாளைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். துணை இயக்குநர் அம்மையார் ஆறு நிமிஷம் சொன்னார். பன்னிரண்டாவது குமாஸ்தா பேசிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் அட்டையோடு வந்தாள்.

"சொந்தக்காரர் யாரு? இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, பின்பக்கம் ரெண்டு. பேரு முழுசா எழுதுங்க."

"இந்தா, கொஞ்சம் பிடிச்சுக்கோ," என்று போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவன் அட்டையை வாங்கினான். பேனாவை வைத்தவன் ஒரு கணம் நின்றான். அவன் முழுப்பெயரை எழுதி நாளாகியிருந்தது.

அதற்குள் வருகை கடைசிப் பெயருக்கு வந்துவிட்டது.

"கோந்து," என்று போன் கூப்பிட்டது. "இருக்கீங்களா? அடடா, என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க? தலையில என்ன பச்சையா?"

அக்கா போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். "நான் கோந்து இல்ல. அவனோட அக்கா."

"ஓ, பங்குதாரர்!" இருபத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். "அம்மா, நீங்களே வந்தது ரொம்ப சந்தோஷம். பொதுத் தாளால உங்களுக்கு என்ன பயன்னு சுருக்கமா சொல்லுங்க."

"எட்டு மாசம் காத்திருந்தேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் தம்பி வருவானா, மாட்டானான்னு தெரியாம கிடந்தேன். அதுதான் பயன்."

"காத்திருப்பு. எதிர்பார்ப்பு. அருமை, அருமை! அம்மாள், குறிச்சுக்கோங்க."

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "ஏண்டா, இவங்க எல்லாருக்கும் இதான் வேலையா?"

"ஆமாக்கா," என்றான் கோந்து, இரண்டாவது கையெழுத்தைப் போட்டுக்கொண்டே.

போனில் கண்காணிப்பாளரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "சார், ஒரு விஷயம். கோந்து பேரு வருகையில விழுந்துடுச்சு. வேலைக்கு வந்தவருக்கு விடுப்பு கொடுக்க விதியில இடமில்ல சார்."

இயக்குநர், ஒரு பெரிய கணக்குக்கு விடை கண்டவர் மாதிரி, "ஆமால்ல!" என்றார். "வந்துட்டாரே! அப்ப விடுப்பே தேவையில்லைன்னு முடிவாகுது. எல்லாருக்கும் சம்மதமா?"

திரை முழுக்கக் கட்டை விரல்கள் எழும்பி மிதந்தன.

"ஒருமனதா முடிவாச்சு. பாருங்க, சேர்ந்து உக்காந்து பேசினா தீராத பிரச்சனை உண்டா? யாரும் போயிடாதீங்க. பாதியில போனா வருகை ரத்து ஆயிடும். அடுத்து, இருநூத்துப் பன்னிரண்டு பக்கத்தை இருநூத்தம்பது ஆக்குறது பத்தி."

நர்ஸ் அட்டையை வாங்கி நாலு கையெழுத்தையும் எண்ணிப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். "யாரு இவங்கெல்லாம்?"

"எங்க ஆபீஸ்."

"கதவு வரைக்கும் ஒருத்தர்தான் வரலாம். போன் கூடவே கூடாது. உள்ள மிஷினெல்லாம் இருக்கு."

கதவு இருபது அடி தூரத்தில் இருந்தது. அக்கா போனை அவனிடம் நீட்டினாள்.

"வாங்கிக்கோ உன் ஆபீசை. நான் போய்க்குவேன். எட்டு நாள்தானே பாக்கி, கெடுத்துக்காத."

அவள் கை ஜில்லென்று இருந்தது. கோந்து போனை வாங்கினான். திரையில் இயக்குநர் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், மேலே போகிற அம்புக்குறி போட்ட படம். சிவப்பு நிறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை மட்டும் அமுக்கவே கூடாது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தாள். அவன் அதை அமுக்கவில்லை. போனை இரும்பு பெஞ்சின் மேல் மல்லாக்க வைத்தான். வராந்தாவின் கூரையும் ஒரு டியூப் லைட்டும் இப்போது கோந்துவாக வாரியத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டன.

தள்ளுவண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒரு சக்கரம் சரியில்லை. கீச்சுக் கீச்சென்று இழுத்தது. பின்னால் இயக்குநர் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. கோந்து ரொம்பக் கவனமாகக் கேட்கிறார், மற்றவர்களும் அவரைப் போல இருக்க வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

"தேடுவாங்கடா," என்றாள் அக்கா.

"இருபது வருஷமா தேடலை."

"முடிய எவ்ளோ நேரம் ஆகுமாம்?"

"மூணு மணி நேரம்னாங்க."

"உன் மீட்டிங்கைக் கேட்டேன்."

அவன் சிரித்தான். மூன்று நாளில் அதுதான் முதல் தடவை. அக்கா சிரிக்கவில்லை. கதவு நெருங்க நெருங்க அவன் விரல்களை இறுக்கிக்கொண்டே வந்தாள். வாசலில் நர்ஸ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள். "இதுக்கு மேல வரக்கூடாது சார். இங்கேயே இருங்க," என்றாள்.

"இங்கேயேதான் இருப்பேன்," என்றான் கோந்து, அக்காவிடம்.

வண்டி உள்ளே போயிற்று. இரட்டைக் கதவு மூடிக்கொண்டது. உள்பக்கமிருந்து யாரோ தாழ்ப்பாளைப் போட்டார்கள்.